வீட்டில் கேட்கும் பேஸ் மேடையில் எங்கே போகிறது?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு வயது 23. காசிமேட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பேன். மாதம் இரண்டு மூன்று கானா கச்சேரிக்கும் கூப்பிடுவார்கள். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார், ஜாஸ் பேஸ் மாடல், பேட்டரி கிடையாது. நண்பன் வீட்டு ஆம்ப்பில் போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. கச்சேரியில் நேராக மிக்ஸரில் சொருகி வாசித்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. டோலக்கும் கீபோர்டும் ஏறியதும் நான் மேடையில் இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. வீட்டில் என் அறை பத்தரை அடி நீளம், எட்டடி அகலம். அங்கே ஆம்ப்பில் போட்டு ஏ ஸ்ட்ரிங்கைச் சும்மா தட்டினாலே ஜன்னல் அதிரும், மற்ற ஸ்ட்ரிங் அப்படி இல்லை. போனில் ரெக்கார்ட் செய்தால் ‘டக் டக்’ மட்டும்தான் வருகிறது. ஒரு கடையில் காட்டினேன். ‘பாடி ஒட்டுப்பலகை, இதில் டோன் வராது, பிக்கப்பையாவது மாத்து’ என்று ஒன்பதாயிரம் சொன்னார்கள். மாற்றலாமா, இல்லை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

பதில்: தம்பி, ஒன்பதாயிரத்தை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். இப்போதைக்கு அதற்கு வேலை இல்லை.

கேள்வியிலேயே பாதிப் பதிலை எழுதிவிட்டீர்கள். நண்பன் வீட்டு ஆம்ப்பில் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அதே பேஸ், அதே ஒட்டுப்பலகை, அதே பிக்கப். ஷேர் ஆட்டோவில் ஏறி மேடைக்கு வருகிற வழியில் பலகை மாறிவிடாது. இரண்டு இடத்துக்கும் நடுவில் எது மாறியதோ அதைத்தான் பிடிக்க வேண்டும். பெரம்பூரில் இருபது வருஷத்துக்கு மேலாக கிட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். ‘டோன் இல்லை’ என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எங்கே நன்றாக இருந்தது, எங்கே கெட்டுப்போனது என்பதைத்தான். கழற்றிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

உங்கள் விஷயத்தில் மாறியது, கேபிளின் அந்த முனை எதில் சொருகப்பட்டது என்பது. வீட்டில் ஆம்ப், மேடையில் மிக்ஸர். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் போர்வை அங்கேதான் இருக்கிறது.

பிக்கப் என்றால் என்ன? காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. அவ்வளவுதான். மேலே இரும்புத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கிறது. உங்கள் பேஸில் பேட்டரி இல்லை, ஆகவே அந்தத் துளிதான் கேபிளைக் கடந்து போய் அடுத்த பெட்டியை எழுப்ப வேண்டும். பேஸ் ஆம்ப்பின் வாய் இதற்கென்றே செய்யப்பட்டது. அதன் உள்ளீட்டுத் தடை பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கும், பிக்கப்பிடமிருந்து அது ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது. மிக்ஸரின் லைன் உள்ளீடு கீபோர்டு மாதிரி வலுவான சிக்னலுக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலும் பத்தாயிரம், இருபதாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். மேல்மாடித் தொட்டியிலிருந்து வருகிற ஒல்லியான குழாயை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் வேகமாக வரும். நாலு வீட்டிலும் முழுசாகத் திறந்துவிட்டால் எல்லார் வீட்டிலும் சொட்டும். மிக்ஸர் உங்கள் பிக்கப்புக்குச் செய்வது அதைத்தான். அதிலும் முதலில் போவது மேல் சத்தம். அதிர்வெண் ஏற ஏறச் சுருளே தன் பங்குக்குத் தடுப்பதால், விரல் படும் அந்த ‘கிளிக்’, ஸ்ட்ரிங்கின் உலோக ஓசை எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். மீதி வருவது வெறும் ‘பூம்’.

இதற்கு மருந்து டிஐ பாக்ஸ். பேஸுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் சொருகுகிற சின்னப் பெட்டி, பிக்கப்பை உறிஞ்சாமல் சிக்னலை வாங்கி மிக்ஸருக்கு ஏற்ற மாதிரி அனுப்பும். உங்கள் மாதிரி பேட்டரி இல்லாத பேஸுக்கு ஆக்டிவ் டிஐ நல்லது. மிக்ஸரிலிருந்து வருகிற 48 வோல்ட்டிலோ ஒன்பது வோல்ட் பேட்டரியிலோ ஓடும். சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் பெரும்பாலும் ஒன்று இருக்கும், கேட்டால்தான் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். கச்சேரிக்கு அரை மணி முன்னால் போய், ‘அண்ணே, பேஸுக்கு ஒரு டிஐ குடுங்க’ என்று கேளுங்கள். சில மிக்ஸர்களில் கிட்டார் படம் போட்ட பட்டன் ஒன்று இரண்டு சேனலில் மட்டும் இருக்கும். அதை அமுக்கினாலும் இதே வேலை நடக்கும். சொந்தமாகவே ஒரு டிஐ வாங்கினாலும் அந்த ஒன்பதாயிரத்துக்குள் முடித்துவிடலாம்.

ஒன்று சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். தெருவில் போடுகிற மேடைகளில் எர்த் சரியாக இல்லாவிட்டால், ஸ்ட்ரிங்கில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுரீரென்று அடிக்கும். லேசாகத்தானே அடித்தது என்று விடாதீர்கள். கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டோன் பிறகு வரட்டும்.

சரி, டிஐ வந்தபிறகும் டோலக் ஏறியதும் நீங்கள் காணாமல் போகலாம். அது வேறு வியாதி. எனக்கே வந்தது. நான் மெல்லிசைக் குழுவில் வாசித்த காலத்தில், தண்டையார்பேட்டையில் ஒரு ஆடித் திருவிழா. அன்றைக்குத்தான் என் கைக்கு ஈக்வலைஸர் வைத்த ஆம்ப் கிடைத்திருந்தது. அடிச் சத்தமான பேஸை ஏற்றினேன், மேல் சத்தமான ட்ரெபிளை ஏற்றினேன், நடு ஓசையை முழுசாக இறக்கினேன். தனியாக வாசித்துப் பார்த்தால் தேன். இரண்டு மணி நேரம் வியர்க்க வியர்க்க வாசித்துவிட்டு இறங்கியதும் எங்கள் டிரம்மர் கேட்டார்: ‘என்னப்பா, இன்னைக்கு நீ வரலியா?’

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை. பேஸின் ஈ ஸ்ட்ரிங்கைத் திறந்து தட்டினால் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். அதே அடித்தளத்தில்தான் கிக் டிரம்மும், டோலக்கின் தொப்பிப் பக்கமும், கீபோர்டுக்காரரின் இடது கையும் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் இடி கூடுமே தவிரச் சுரம் பிரிந்து தெரியாது. நீங்கள் வாசிப்பது சாவா பாவா என்று காதுக்குச் சொல்வது அதற்கு மேலே, ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸிலிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை இருக்கிற நடு ஓசை. நான் கழித்துக் கட்டியது அதைத்தான். அடுத்த கச்சேரியில் நடுவைக் கொஞ்சம் ஏற்றி அடியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி அசிங்கமாக இருக்கும். பாட்டுக்குள் போனால் சரியாக உட்காரும். வீட்டில் தனியாக வாசித்து டோன் முடிவு செய்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், இந்தத் தொழிலில் நிறையப் பேர் ஏமாறுவது அங்கேதான்.

கீபோர்டு வாசிப்பவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். பேஸ் இல்லாமலே பல வருஷம் கச்சேரி ஓட்டியவர்களுக்கு இடது கையில் பேஸ் வாசிப்பது பழகிப்போயிருக்கும். ‘நான் இருக்கேன்ல, கொஞ்சம் மேலே வாங்கண்ணே’ என்று பக்குவமாகச் சொன்னால் கேட்பார்கள். ஒன்பதாயிரம் ரூபாய்ப் பிக்கப் செய்யாததை இந்தப் பேச்சு செய்யும்.

உங்கள் ஜாஸ் பேஸ் மாடலில் பணம் செலவில்லாமல் நடுவைக் கொண்டுவர இன்னொரு வழி உண்டு. இரண்டு வால்யூம் குமிழ் இருக்கிறதல்லவா, இரண்டையும் முழுசாகத் திறந்து வைத்துத்தான் வாசிப்பீர்கள். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். இரண்டு பிக்கப்பும் ஒரே தந்தியை இரண்டு இடத்திலிருந்து கேட்கின்றன. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் தந்தி அகலமாக ஆடும், சத்தம் உருண்டையாக இருக்கும். பிரிட்ஜ் (தந்தியின் கீழ்முனையைத் தாங்குகிற உலோகத் துண்டு) பக்கத்தில் ஆட்டம் குறைவு, சத்தம் இறுக்கமாக, கொஞ்சம் குரைக்கிற மாதிரி இருக்கும். இரண்டையும் சமமாகக் கலக்கும்போது நடுவில் சில ஓசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். தனியாக வாசிக்க அது அழகு. கூட்டத்தில் அதுவே பள்ளம். ஏதாவது ஒன்றைக் கால் பங்கு இறக்குங்கள், எதை என்று உங்கள் காதே சொல்லும். இறக்கியதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரலாம். இரண்டு சுருளும் சமமாக இருக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும்படி சுற்றியிருப்பார்கள், சமம் கெட்டதும் அது தலைகாட்டுகிறது. பேஸ் கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம்.

பிக்கப் இருக்கிற இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். ஃபென்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் வந்தது 1960இல். 1970களின் தொடக்கத்தில் பிரிட்ஜ் பிக்கப்பை அரை அங்குலம்கூட முழுசாக இல்லை, சுமார் ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் தள்ளினார்கள். இன்றைக்கும் ‘அறுபது மாடல் சத்தம் வேணும்’, ‘எழுபது மாடல் சத்தம் வேணும்’ என்று அந்த ஒரு சென்டிமீட்டருக்காகச் சண்டை போடுகிற ஆட்கள் உண்டு. என் கடை வாசலிலேயே நடந்திருக்கிறது.

பிக்கப்பை நகர்த்த முடியாது, ஆனால் விரலை நகர்த்தலாம். இதை இன்றைக்கு ராத்திரியே செய்து பாருங்கள். எந்தக் குமிழையும் தொடாதீர்கள். ஃப்ரெட் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) முடிகிற இடத்துக்கு மேலே ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டுங்கள். அப்படியே ஒவ்வொரு விரல் அகலமாக நகர்ந்து பிரிட்ஜ் வரை வாருங்கள். முதலில் பானைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும், வர வரச் சுருங்கிக் கடைசியில் கம்பியைச் சுண்டுகிற மாதிரி ஆகிவிடும். காரணம் இதுதான்: உங்கள் பேஸில் கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்குகிற ‘நட்’டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. தந்தி ஆடும்போது அடிச்சுரத்தோடு அதன் இரண்டு, மூன்று, நாலு மடங்கு அதிர்வெண்ணிலும் ஓசைகள் சேர்ந்து பிறக்கும், அவைதான் மேற்சுரங்கள். தந்தி நீளத்தில் நாலில் ஒரு பங்கான 216 மி.மீ. பிரிட்ஜிலிருந்து தள்ளித் தட்டினால் நாலாவது மேற்சுரம் பிறக்கவே பிறக்காது, அது அசையாமல் நிற்கிற புள்ளியிலேயே நீங்கள் தட்டுகிறீர்கள். எட்டில் ஒரு பங்கில் தட்டினால் எட்டாவது போகும், நாலாவது திரும்ப வந்துவிடும். விரல் நகர்கிற ஒவ்வொரு இடத்திலும் எந்த மேற்சுரம் வாழும், எது சாகும் என்ற கணக்கு மாறுகிறது. மேடையில் காணாமல் போனால் ஆம்ப்பைத் தேடி ஓடாமல், வலது கையை மூன்று விரல் பிரிட்ஜ் பக்கம் தள்ளிப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் வயசுப் பையன்கள் எல்லாரும் செய்வது: கேட்கவில்லை என்றதும் பலமாக அடிப்பது. பலமாக அடித்தால் தந்தி ஃப்ரெட்டில் மோதும், அடிக்கிற சத்தம் பெரிதாகி, பின்னால் வரும் சுரம் சின்னதாகிவிடும். ஆம்ப்பை இரண்டு கோடு ஏற்றி வைத்துவிட்டு மெதுவாகத் தொடுங்கள். சுரம் நீளும்.

இப்போது ஸ்ட்ரிங். எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதாமல் விட்டதிலிருந்தே எனக்குத் தெரிகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது போட்டிருந்ததுதானே இன்னும் ஓடுகிறது? காசிமேட்டில் துறைமுகக் காற்று நேராக வீட்டுக்குள் வரும். ஜன்னல் கம்பியையே தின்கிற உப்பு, பேஸ் ஸ்ட்ரிங்கை விட்டுவைக்குமா? ரவுண்ட்வௌண்ட் ஸ்ட்ரிங் என்பது நடுக்கம்பி ஒன்று, அதன்மேல் நெருக்கிச் சுற்றிய வேறொரு கம்பி. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வை, எண்ணெய், தோல் பொடி, உப்பு எல்லாம் போய் அடைத்துக்கொள்கிறது. தந்தி சுதந்திரமாக வளைய முடியாமல் போகிறது. மேற்சுரங்கள் ஒரு வினாடிகூட நிற்பதில்லை. சுருதியும் சரியாக நிற்காது.

விரல் நகத்தால் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாக வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. மாற்றுவதற்கு முன் ஒரு வேடிக்கை செய்யலாம். ஸ்ட்ரிங்கைக் கழற்றி, சுருட்டி, பழைய பாத்திரம் ஒன்றில் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். தண்ணீர் டீத்தூள் போட்ட மாதிரி ஆகும். ஸ்ட்ரிங் சில நாளைக்குப் புதுசு மாதிரி பாடும். பழைய ஆட்கள் ஸ்ட்ரிங் வாங்கக் காசில்லாத காலத்தில் செய்தது இது. நிரந்தரம் இல்லை, துரு உள்ளே போனதற்கு வைத்தியமும் இல்லை. ஆனால் உங்கள் டோன் எங்கே போயிருந்தது என்பதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் சமைக்கிற பாத்திரத்தில் வேண்டாம், நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாங்குவதானால் 45-105 தடிமன் அளவில் ஒரு செட் வாங்குங்கள், 34 அங்குல பேஸுக்கு அதுதான் சாதாரண அளவு. நிக்கல் பூசியது கைக்கு மிருது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பளிச்சென்று கேட்கும், கடல் காற்றையும் தாங்கும், ஆனால் ஃப்ரெட்டைக் கொஞ்சம் சீக்கிரம் தேய்க்கும். கடலோரத்தில் இருக்கிற உங்களுக்கு நான் ஸ்டீல்தான் சொல்வேன். ஃப்ரெட் தேய்ந்தால் பார்த்துக்கொள்ளலாம், என் பிழைப்பும் ஓட வேண்டுமே. வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடிவரை பிடித்து இழுத்துத் துடையுங்கள். பேஸைச் சுவரில் மாட்டி வைக்காமல் பைக்குள் போட்டு மூடி வையுங்கள்.

புது ஸ்ட்ரிங்தான் நல்ல டோன் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட்டில், மோட்டவுன் என்ற ரெக்கார்ட் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். 1962 மாடல் ஃபென்டர் பிரிசிஷன் பேஸ், ஒரே ஒரு பிக்கப். மேலே வழவழப்பான ஃப்ளாட்வௌண்ட் ஸ்ட்ரிங். அறுந்தால் தவிர மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்து ஸ்ட்ரிங்கை அமுக்கியிருப்பார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்யும். அந்த மந்தமான, தடித்த சத்தம் அவருடைய பாட்டுகளுக்குச் சரியாகப் பொருந்தியது. அதே ஸ்ட்ரிங்கை மாட்டிக்கொண்டு கானாவில் டோலக்குக்குப் போட்டியாக வாசிக்கப் போனால் தாளத்துக்குள் முங்கிப்போவீர்கள். சர்ச்சில் ஆர்கன் சத்தத்தோடு மெதுவான பாட்டுக்கு அது அமிர்தமாக இருக்கும். உங்களுக்கு இரண்டு வேலையும் உண்டு. ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்டுவிட்டு, சர்ச்சில் மட்டும் டோன் குமிழைப் பாதி மூடி, பிரிட்ஜ் ஓரம் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் போதும்.

டோன் குமிழ் என்றதும் ஞாபகம் வருகிறது. அது எதையும் கூட்டாது, குறைக்க மட்டும்தான் தெரியும். உள்ளே ஒரு குட்டிக் கெப்பாசிட்டர், வழக்கமாக 0.047 மைக்ரோஃபாரட். குமிழை மூட மூட அது மேல் சத்தத்தை எடுத்து எர்த்தில் கொட்டுகிறது. செகண்ட் ஹேண்ட் பேஸில் யாராவது அதில் கை வைத்திருக்கலாம். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டாலோ, திருப்பினாலும் வித்தியாசமே தெரியாவிட்டாலோ, குமிழுக்கு அடியில் இருக்கிற ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர்), கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றினால் போதும். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். உங்களுடையது மாதிரி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250கே, அதாவது இரண்டரை லட்சம் ஓம் பாட் கேட்டு வாங்குங்கள்.

பிக்கப்பின் உயரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அமுக்கிப் பிடித்தால், பிக்கப்பின் தலைக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவில் ஈ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். ஸ்கேல் இல்லாவிட்டால் ஒரு ரூபாய்க் காசு இரண்டை அடுக்கினால் ஏறத்தாழ 3 மி.மீ. வரும். காசைக் காந்தம் பிடித்துக்கொள்ளும், பயந்து வெடுக்கென்று இழுக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் கோடு விழும். சத்தம் கூடட்டும் என்று பிக்கப்பை மேலே ஏற்றி வைப்பவர்கள் உண்டு. அளவு தாண்டினால் காந்தமே தந்தியைப் பிடித்து இழுத்து, சுரம் சீக்கிரம் செத்துவிடும்.

உங்கள் அறைக்கு வருவோம். ஜன்னல் அதிர்வதற்கு உங்கள் பேஸ் பொறுப்பில்லை, பத்தரை அடிதான் பொறுப்பு. பத்தரை அடி என்றால் 3.2 மீட்டர். நம்ம ஊர்ச் சூட்டில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவருக்கு நடுவில் ஓர் அலையின் பாதி சரியாகப் பொருந்திவிட்டால் அறையே ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்துவிடும். 349ஐ 6.4ஆல் வகுத்துப் பாருங்கள். ஐம்பத்து நாலரை வருகிறது. திறந்த ஏ ஸ்ட்ரிங் 55 ஹெர்ட்ஸ். அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கிறது! எட்டடி அகலத்துக்குக் கணக்குப் போட்டால் 71 சொச்சம் வரும், திறந்த டி ஸ்ட்ரிங்குக்குக் கொஞ்சம் கீழே. டி-யும் லேசாக வீங்கித்தான் கேட்கும், கவனித்துப் பாருங்கள்.

இதற்காக முட்டை அட்டை வாங்கி ஒட்ட வேண்டாம். வியாசர்பாடியில் ஒரு பிராக்டிஸ் ரூம் முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். பேச்சுச் சத்தம் கொஞ்சம் அடங்கியது, பேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, கரப்பான்தான் பெருகியது. 55 ஹெர்ட்ஸ் அலையின் முழு நீளம் ஆறு மீட்டருக்கு மேல், அட்டையைக் கண்டால் நிற்காது. ஆம்ப்பை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். தரையில் வைக்காமல் ஸ்டூல் மேல் வையுங்கள். நீளச் சுவர் ஓரமாக, நீளத்துக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காருங்கள். அந்த ஏ சட்டென்று அடங்குவதைக் கேட்பீர்கள். முக்கியமாக, அந்த அறையில் கேட்டதை வைத்து அடியைக் குறைத்துவிட்டு மேடைக்குப் போகாதீர்கள். மேடைக்குச் சுவரே கிடையாது.

போனில் ‘டக் டக்’ வருவதில் பாதி போனின் குறை. கைவிரல் நகம் அளவு ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் எப்படி வரும்? ஆனால் டீக்கடை ரேடியோவில் இளையராஜா பாட்டு ஓடும்போது பேஸ் கேட்கிறதே, முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறோமே, அது எப்படி? அந்த ரேடியோவிலும் அடிச்சுரம் வருவதில்லை. 82, 124, 165 என்று மேலே அடுக்கடுக்காக வரும் மேற்சுரங்களைக் கேட்டு, கீழே 41 இருந்திருக்க வேண்டும் என்று மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது. மேற்சுரம் தெளிவாக இருந்தால் சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் பிழைக்கும். உங்கள் செத்த ஸ்ட்ரிங்கில் மேற்சுரம் இல்லை, போனில் அடிச்சுரம் இல்லை. மிஞ்சியது விரல் சத்தம். ஸ்ட்ரிங் மாற்றிய பிறகு இன்னொரு தடவை ரெக்கார்ட் செய்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கடைசியாக அந்த ஒட்டுப்பலகை. மரத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எலக்ட்ரிக் பேஸில் பிக்கப் கேட்பது தந்தியை, பலகையை அல்ல. மரம் செய்வதெல்லாம் தந்தியின் ஆட்டத்தில் எந்தச் சுரத்தை எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சிக்கொள்கிறது என்பதுதான். அதிலும் உடம்பைவிடக் கழுத்துக்குத்தான் பங்கு அதிகம். ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு சுரம் மற்றதைவிடச் சீக்கிரம் செத்துப்போகும். லட்ச ரூபாய் பேஸிலும் இது உண்டு. அந்தச் சுரத்தின் அதிர்வுக்குக் கழுத்தும் சேர்ந்து ஆடி, சக்தியைத் திருடிக்கொள்கிறது. தலைப்பகுதியில் ஒரு கனமான கிளாம்ப்பை மாட்டினால் அந்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகரும். மரம் டோனை மாற்றுகிறது என்றால் இந்த அளவுக்குத்தான். ஒட்டுப்பலகை பேஸ் நண்பன் வீட்டு ஆம்ப்பில் நன்றாகப் பாடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மேல் சாட்சி எதற்கு?

பிக்கப் மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். டிஐ போட்டு, புது ஸ்ட்ரிங் போட்டு, உயரம் சரிசெய்து, ஆறு மாசம் வாசித்த பிறகும் ‘இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, எனக்கு இன்னின்ன மாதிரி வேண்டும்’ என்று வாயால் சொல்லத் தெரிந்தால் மாற்றுங்கள். அன்றைக்கு எது வேண்டும் என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேபிள் சொருகுகிற ஜாக்கையும் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் பேஸில் அதன் நட் பெரும்பாலும் லூஸாகத்தான் இருக்கும், கேபிளை ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வரும். வெளியிலிருந்து ஸ்பேனர் போட்டு மட்டும் திருகிவிடாதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி, ஒயர் முறுக்கிக்கொண்டு சோல்டரிங் விட்டுப்போகும். ஜாக் இருக்கிற தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, உள்ளே ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே நட்டை முறுக்குங்கள்.